செகண்ட் ஹேண்ட் சியாஸ் ஸ்மார்ட் ஹைபிரிட்: எஞ்சினை நம்பலாம், கரன்ட் வேலையைச் சோதித்து வாங்கவும்

மாருதி சுசுகி சியாஸ் 2014 அக்டோபரில் வந்தது, 2025 ஏப்ரலில் விற்பனை நின்றது. இனி சியாஸ் வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்ட்தான். இங்கே பார்க்கப்போவது 2018 ஆகஸ்டில் முகம் மாறி வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் ஸ்மார்ட் ஹைபிரிட் வண்டியை, குறிப்பாக 2018 முதல் 2020 வரை தயாரானவற்றை. "மாருதிதானே, என்ன பெரிய பிரச்சினை வந்துவிடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு முன்பணம் கொடுக்கிறவர்கள் உண்டு. எஞ்சின், கியர்பாக்ஸ் வரைக்கும் அந்த நம்பிக்கை சரி. மின்சாரப் பக்கம் இது சாதாரண மாருதி இல்லை.

நல்லதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1462 சிசி கே15பி எஞ்சின், டைமிங் செயின், 105 பிஎஸ், 138 என்எம். ஆயில் நேரத்துக்கு மாற்றியிருந்தால் தொல்லை தராத எஞ்சின். பின் சீட்டில் கால் நீட்டி உட்காரலாம், டிக்கி 510 லிட்டர். ஆட்டோமேட்டிக்கில் நாலே கியர் என்பதால் நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்ய மிதித்தால் எஞ்சின் கத்தும், வேகம் நிதானமாகத்தான் ஏறும். ஆனால் அது பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர், உழைக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்த வண்டியில் வழக்கமான டைனமோ கிடையாது. அந்த இடத்தில் மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் ஒன்று பெல்ட்டில் ஓடுகிறது. மின்சாரம் தயாரிப்பது, சிக்னலில் அணைந்த எஞ்சினைத் திரும்பக் கிளப்புவது, வேகமெடுக்கும்போது கொஞ்சம் தள்ளிவிடுவது என மூன்று வேலையும் அதற்குத்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குத் தனியாக சாதாரண செல்ஃப் மோட்டாரும் இருக்கிறது. பேட்டரியும் இரண்டு. பானட்டுக்குள் வழக்கமான ஈய அமில பேட்டரி. முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் அடியில் ஒரு சிறிய லித்தியம் அயான் பேட்டரி. இரண்டுமே 12 வோல்ட் வகை. ஷாக் அடிக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும் என்ற பயம் மட்டும் இருக்கட்டும்.

இந்த மோட்டார் ஜெனரேட்டருக்காக மாருதி இரண்டு முறை வண்டிகளைத் திரும்ப அழைத்தது (ரீகால்). முதலாவது 2019 டிசம்பரில்: 2019 ஜனவரி 1 முதல் நவம்பர் 21 வரை தயாரான சியாஸ், எர்டிகா, எக்ஸ்எல்6 பெட்ரோல் ஹைபிரிட் வண்டிகள், மொத்தம் 63,493. அடுத்தது 2021 செப்டம்பரில், இதைவிடப் பெரியது: 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை, விட்டாரா பிரெஸ்ஸாவும் எஸ்-கிராஸும் சேர்த்து 1,81,754 வண்டிகள். பாகம் மாற்றும்வரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்ட வேண்டாம், மின்சாரப் பாகங்கள் மேல் நேரடியாகத் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று நிறுவனமே அப்போது சொன்னது. மழைக்கால சென்னையில் ஓடிய வண்டியை வாங்குகிறவர் அந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இரண்டு அழைப்புகளின் தேதிகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. "ரீகால் வேலை அப்பவே முடிஞ்சிடுச்சு சார்" என்று விற்பவர் சொன்னால் எந்த ரீகால் என்று கேளுங்கள். மாருதியின் நெக்ஸா இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எம்ஏ3 என்று தொடங்கி அதற்குப் பின் 14 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஆர்.சி.யில் உள்ளதையும் வண்டியில் பொறித்திருப்பதையும் ஒத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பதிவுத் தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2020 நவம்பரில் தயாரான வண்டியும் செப்டம்பரில் தயாராகிக் கிடங்கில் நின்ற வண்டியும் ஒரே வாரத்தில் பதிவாகியிருக்கலாம். தயாரிப்பு மாதம் ஆர்.சி.யிலேயே இருக்கிறது. பிறகு நெக்ஸா சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் வரலாற்றைக் கேட்டு, யூனிட் மாற்றிய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை பாக்கி என்றால் உங்கள் பெயருக்கு மாற்றும் முன்பே விற்பவரை விட்டு முடித்துத் தரச் சொல்வது நல்லது.

ரீகாலை விட அதிகமாக இந்த வண்டிகளைக் கெடுப்பது தவறான பேட்டரி. சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சின் அணைந்து கிளம்பும் வண்டிக்கு அதற்கென்றே செய்த ஐஎஸ்எஸ் அல்லது இஎஃப்பி வகை பேட்டரி வேண்டும். சாதாரண பேட்டரியை விட அடிக்கடி இறங்கி ஏறுவதைத் தாங்கும். பிரேக் பிடிக்கும்போது திடீரென வரும் சார்ஜை வேகமாக வாங்கிக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் எந்த பேட்டரியும் மூன்று நான்கு வருடம் தாக்குப் பிடித்தால் பெரிது, ஆகவே 2019 வண்டியில் இன்று இருப்பது இரண்டாவதோ மூன்றாவதோ பேட்டரி. கமிஷன் கடையில் விற்க நிறுத்திய வண்டியில் கைக்குக் கிடைத்த மலிவான சாதாரண பேட்டரியைப் போட்டுவிடுவது வழக்கம். வண்டி கிளம்பும், டெஸ்ட் டிரைவும் நன்றாகவே போகும். சில மாதத்தில் சிக்னலில் எஞ்சினை அணைக்கும் ஐடில் ஸ்டாப் வேலை செய்யாது, பிறகு காலையில் செல்ஃப் இழுக்கும். பானட்டைத் திறந்ததும் பேட்டரி மேல் ஒட்டிய குறியைப் படியுங்கள், வாரண்டி அட்டையில் தேதியைப் பாருங்கள். குறி இல்லை, அட்டை இல்லை என்றால் புது பேட்டரி விலையைக் குறைத்துக்கொண்டு பேசலாம்.

பேட்டரி நெகட்டிவ் முனையில் ஒரு சின்ன கரன்ட் சென்சார் இருக்கும். உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று கணினிக்குச் சொல்வது அதுதான். பின்னால் மாட்டிய ஆம்ப்ளிஃபயர், டேஷ் கேமரா இவற்றின் எர்த் ஒயரை நேராக பேட்டரி நெகட்டிவ் போல்ட்டில் கட்டியிருந்தால், அவை இழுக்கும் கரன்ட் இந்த சென்சாரின் கணக்கில் வராது. கணினி பேட்டரி நிறைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சார்ஜைக் குறைக்கும். எர்த் எப்போதும் பாடியில்தான் கட்ட வேண்டும். ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போதும் அதே விதி: பாசிட்டிவ் கவ்வி பானட்டுக்குள் உள்ள பேட்டரியின் பாசிட்டிவ்வில், நெகட்டிவ் கவ்வி எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில். சீட்டுக்கு அடியில் உள்ளதை எந்தக் காரணத்துக்கும் தொடக் கூடாது.

இன்னொரு குழப்பம் ஒர்க் ஷாப்பில் நடக்கிறது. எஞ்சின் ஓடும்போது மீட்டரை வைத்தால் பழைய வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் காட்டும். இந்த வண்டியில் சார்ஜ் தேவைக்கேற்ப மாறும். சீராக ஓடும்போது எரிபொருளை மிச்சப்படுத்த ஜெனரேட்டர் அடக்கி வாசிக்கும், மீட்டர் 12.7 என்று நிற்கும். ஆக்சிலரேட்டரை விட்டதும் மேலே ஏறும். இதைப் பார்த்து "டைனமோ போச்சு" என்று முடிவு கட்டி விலையுயர்ந்த யூனிட்டை மாற்றச் சொல்லும் எலக்ட்ரீஷியனிடமிருந்து நழுவிவிடுங்கள். சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஹெட்லைட் ஹை பீம், ஏசி ஃபேன் முழு வேகம், பின் கண்ணாடி டிஃபாகர் மூன்றையும் போட்டு எஞ்சினை 2000 சுற்றில் பிடித்துப் பாருங்கள். அப்போதும் 13.5க்கு மேல் ஏறாமல் 12.5க்குக் கீழே வழுக்கினால்தான் யூனிட்டையோ பெல்ட்டையோ ஒயரையோ சந்தேகிக்க வேண்டும்.

மல்டிமீட்டர் கையில் இருந்தால் வாங்கும் முன்பே பாதி உண்மை வெளியே வந்துவிடும். வண்டி ராத்திரி முழுக்க நின்றபின் பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது, 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. அடுத்ததை நிறைய பேர் பார்ப்பதே இல்லை: மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரிலோ போல்ட்டிலோ துரு. எர்த்தைக் கழற்றி, உப்புக் காகிதம் தேய்த்து, இறுக்கினால் தீரும் வேலை இது. இதற்குப் போய் சென்சார் சென்சாராக மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பேட்டரி பலவீனமாக இருந்தால் ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங், செக் எஞ்சின் விளக்குகள் சேர்ந்தே எரியும். மூன்றும் ஒரே நாளில் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்கேனர் போட்டால் பி0562 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வரும். வோல்டேஜ் குறைவு என்பதே அதன் பொருள். யு0100 போன்று, கணினிகள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று சொல்லும் கோடுகளும் கூடவே வரலாம். முதலில் வோல்டேஜைச் சரி செய்து, கோடுகளை அழித்து, ஒரு நாள் ஓட்டிப் பார்த்த பிறகு திரும்பி வருவதை மட்டும் துரத்தினால் போதும்.

விளக்குகளிலேயே ஒரு தில்லுமுல்லும் உண்டு. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் கிளட்ச்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். எஞ்சின் கிளம்பாமல் இக்னிஷன் ஆன் ஆகும். அப்போது ஏர்பேக், ஏபிஎஸ், செக் எஞ்சின் எல்லாம் எரிந்தாக வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏர்பேக் விளக்கு அணைந்திருப்பது பெரிதில்லை. இந்த இடத்தில் அது எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த வண்டியை விட்டுவிடலாம்.

டெஸ்ட் டிரைவில் பதினைந்து நிமிடமாவது ஓட்டி எஞ்சின் சூடேறிய பிறகு ஐடில் ஸ்டாப்பைப் பாருங்கள். மேனுவலில் வண்டி நின்று, நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டால் எஞ்சின் அணைய வேண்டும். கிளட்ச்சை மிதித்ததும் செல்ஃப் சத்தம் இல்லாமல் பெல்ட் வழியாக மெல்லக் கிளம்ப வேண்டும். கீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட்டோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தேய்ந்திருக்கிறது. இந்த பெல்ட் இரண்டு திசையிலும் இழுபடுவதால் சாதாரண பெல்ட்டை விட வேகமாகத் தேயும், அதற்குரியதையே போட வேண்டும். எஞ்சின் அணையவே இல்லை என்றால் உடனே பழுது என்று நினைக்காதீர்கள். டிரைவர் சீட் பெல்ட் போடாவிட்டாலும், கதவோ பானட்டோ சரியாக மூடாவிட்டாலும், ஏசி கேபினைக் குளிரவைக்கத் திணறினாலும் அணையாது. மே மாத மதியத்தில் இதைச் சோதிப்பது வீண். சாயங்காலம் ஏசியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் அணையாவிட்டால் முதலில் பேட்டரி, அடுத்து பானட் பூட்டில் உள்ள சுவிட்ச். இந்த வசதி பிடிக்காதவர்கள் ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் பட்டனை அழுத்தி அணைத்துக்கொள்ளலாம். வண்டி அதை நினைவில் வைத்துக்கொள்ளாது.

சீட்டுக்கு அடியில் உள்ள லித்தியம் பேட்டரிக்கு எதிரி தண்ணீர். ஜன்னலைத் திறந்து வைத்து மழை உள்ளே வந்தது, தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது, கார் ஸ்பாவில் கார்ப்பெட்டை ஷாம்பு போட்டு நனைத்தது எல்லாமே அங்கேதான் போய்ச் சேரும். டார்ச் அடித்து சீட்டுக்கு அடியில் பாருங்கள். பெட்டியைச் சுற்றித் துரு, நீர்க் கோடு, பச்சை பூத்த கப்ளர் (ஒயர் இணைப்பு), பிசுபிசுப்பு இருந்தால் விலை பேச உட்கார வேண்டாம். மெக்கானிக்குக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பானட்டில் நெகட்டிவ்வைக் கழற்றியதோடு வண்டியில் மின்சாரம் தீர்ந்துவிடவில்லை.

இதன் பெரிய வடிவம் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வீட்டு வாசலில் நின்றபடியே கார்கள் மூழ்கின. உள்ளே தண்ணீர் சீட் உயரத்துக்கு வர வேண்டியதில்லை, கார்ப்பெட் நனைந்தாலே போதும். ஏர்பேக் கணினி கியர் லீவருக்குக் கீழே தரையோடு ஒட்டி இருக்கிறது; தரை ஒயரிங் கப்ளர்கள் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடுகின்றன. கழுவிக் காயவைத்தால் வண்டி ஓடும். ஆறு மாதம் கழித்து கப்ளருக்குள் பித்தளை பச்சை பூத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பழுதுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே மிச்சமிருக்கும், அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலைகள், சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகள், டேஷ் போர்டுக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டம் ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அளவுக்கு மீறி வாசனைத் திரவியம் அடித்திருந்தால் ஏன் என்று யோசியுங்கள். 2023 டிசம்பர், 2024 ஜனவரியில் பெரிய இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் இருந்தால் அதன் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

கடை ஒயரிங் அடுத்த தலைவலி. கீழ் ரகத்தை வாங்கி, மேல் ரகத்தின் வசதிகளை வெளியே மாட்டியவர்கள் அதிகம்: ஸ்கிரீன், கேமரா, அதிக வாட் பல்ப், டிராக்கர். ஒயரிங் செட்டை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருப்பதைக் கண்டால் அங்கேதான் பழுது பிறக்கும். கப்ளர் மாட்டும் வகைக் கிட் என்றால் பரவாயில்லை. வாடகைக்கு ஓடிய வண்டியில் டிராக்கரைக் கழற்றியிருப்பார்கள், அதன் ஒயர் மட்டும் ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் தொங்கும்.

இரண்டு நாள் நின்றால் பேட்டரி இறங்குகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஒட்டு வேலைகள்தான். கண்டுபிடிப்பது எளிது, பொறுமை வேண்டும். பானட்டைத் திறந்து வைத்து, கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, சாவியைப் பத்து மீட்டராவது தள்ளி வையுங்கள். பக்கத்தில் இருந்தால் கீலெஸ் கணினி விழித்துக்கொண்டே இருக்கும். அரை மணி நேரம் கழித்து, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை நெகட்டிவ் ஒயரில் மாட்டுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 200, 300 என்று காட்டினால் ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே மில்லி வோல்ட் பாருங்கள். சுழியம் காட்டாத ஃபியூஸ் வழியாகத்தான் கரன்ட் ஒழுகுகிறது. ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தால் கணினிகள் திரும்ப விழித்துக்கொள்ளும், கணக்கு கெடும்.

சில்லறைப் பழுதுகளில் ஸ்டியரிங்கில் ஹாரனும் ஆடியோ பட்டன்களும் சேர்ந்து போய், ஏர்பேக் விளக்கும் எரிந்தால் அது ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஸ்பைரல் கேபிள். டிரைவர் கதவில் பவர் விண்டோ விட்டு விட்டு வேலை செய்தால் மோட்டாரை மாற்றும் முன் கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை உருவிப் பாருங்கள். திறந்து மூடி உள்ளே ஒயர் அறுந்திருக்கும். சைடு மிரர் மடங்குவது, ஸ்கிரீன் உறைந்து நிற்பது எல்லாம் எரிச்சல் தருபவை, பேரம் பேச உதவுபவை, அவ்வளவுதான். எலி மட்டும் வேறு கணக்கு. அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் நிற்கும் வண்டியில் இன்ஜெக்டர் ஒயரையும் வாஷர் குழாயையும் முதலில் கடிக்கும். எஞ்சின் மூடியைக் கழற்றிப் புழுக்கை, பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். எலியை விரட்ட வைக்கும் புகையிலைக் கட்டு வாசம் இருக்கும்வரைதான் உதவும். கீழ்த்தட்டு ஓட்டைகளில் கம்பி வலை அடிப்பது நிலைக்கும்.

ஓடும்போது சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைக்காதீர்கள். சார்ஜ் நின்றுவிட்டது, மிச்சமிருப்பதில்தான் வண்டி ஓடுகிறது என்று பொருள். ஏசி, ஃபேன், ஆடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அருகில் உள்ள சர்வீஸுக்குப் போங்கள். வோல்டேஜ் இறங்க இறங்க ஸ்டியரிங் கனக்கும். அது தெரிந்ததும் ஓரம் கட்டிவிட வேண்டும், மேம்பாலத்தில் ஏறக் கூடாது.

வருடத்துக்கு ஐந்தாறாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டம், வண்டி வாரக்கணக்கில் நிற்கும் என்பவர்களுக்கு இந்த ஹைபிரிட்டை விட 2018க்கு முந்தைய 1.4 லிட்டர் பெட்ரோல் சியாஸ் பொருத்தம். 1373 சிசி, 92 பிஎஸ், ஒரே பேட்டரி, சாதாரண டைனமோ. எந்த ஊர் எலக்ட்ரீஷியனும் திறந்து மூடுவார். தினமும் ஓட்டுகிறவர்கள், குறிப்பாக ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டுகிறவர்கள், 1.5ஐ எடுக்கலாம். 2020 நவம்பருக்குப் பிறகு தயாரானது கிடைத்தால் இரண்டு ஜெனரேட்டர் ரீகால்களுக்கும் வெளியே இருக்கும், கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். முந்தையது என்றால் மோட்டார் ஜெனரேட்டர் மாற்றிய ஜாப் கார்டு கையில் இருக்க வேண்டும். விலை முடிப்பதற்கு முன் சேஸிஸ் எண்ணைச் சொல்லி மோட்டார் ஜெனரேட்டர், லித்தியம் பேட்டரி இரண்டின் இன்றைய விலையை உங்கள் ஊர் நெக்ஸா சர்வீஸில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி மிச்சமிருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றும் படிவத்தையும் அன்றே கேட்டுவிடலாம்.